முட்டி இடிக்குது, என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

விமானப் பயணம் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். வந்த கேள்விகள்ல பெரும்பாலானது சீட் பத்தித்தான், அதனால இந்த தடவை முழுசும் அதுக்கே.

கேள்வி: போன மாசம் சென்னையில இருந்து டெல்லிக்குப் போனேன். உட்கார்ந்ததுமே முட்டி முன் சீட்ல இடிக்குது, கீழ விழுந்த போனை எடுக்கக்கூட குனிய முடியல. இருபது வருஷத்துக்கு முன்னாடி இப்படி இருந்ததா ஞாபகம் இல்லை. நிஜமாவே நெருக்கிட்டாங்களா, இல்ல வயசாகி எனக்கு அப்படித் தோணுதா? – வாசகர், ஈரோடு

பதில்: வயசு காரணம் இல்லைங்க, நெருக்கித்தான் வச்சிருக்காங்க. உங்க சீட்டோட முதுகுக்கும் முன் சீட்டோட முதுகுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை 'பிட்ச்'னு சொல்வாங்க. எகானமியில 31, 32 இஞ்ச் சாதாரணமா இருந்த காலம் ஒண்ணு உண்டு. இப்ப பட்ஜெட் ஏர்லைன்ஸ்ல 28-ல இருந்து 30-க்குள்ளதான், அமெரிக்காவுல ஸ்பிரிட் மாதிரி கம்பெனி 28-க்கே இறங்கிடுச்சு.

அடுத்த தடவை ஏறும்போது சீட்டோட காலுக்குக் கீழ பாருங்க. தரையில விமானத்தோட நீளத்துக்கும் அலுமினிய தண்டவாளம் ஓடும், அதுல இஞ்சுக்கு ஒண்ணா வரிசையா ஓட்டை இருக்கும், சீட்டை அந்த ஓட்டையிலதான் பூட்டி வச்சிருப்பாங்க. பூட்டைத் தளர்த்தி ஒரு ஓட்டை முன்னாடி தள்ளி மறுபடி பூட்டிட்டா உங்க முட்டிக்கு ஒரு இஞ்ச் போச்சு. இதுல என்ன பெரிய லாபம்னு கேட்டா, 30 வரிசை இருக்கற விமானத்துல வரிசைக்கு ஒரு இஞ்ச் எடுத்தா 30 இஞ்ச், அதாவது புதுசா ஒரு முழு வரிசை, ஆறு சீட். அந்த விமானம் நாளைக்கு ஆறு தடவை பறக்குதுன்னு வச்சுக்கங்க, நாளைக்கு 36 சீட், வருஷத்துக்கு 13,140 சீட், முக்கால்வாசி வித்தாலே பத்தாயிரம் டிக்கெட் கிட்ட வந்துடும், அதுவும் ஒரே ஒரு விமானத்துல! பைலட் அதே ரெண்டு பேர், ஏர்போர்ட்டுக்குக் கட்டற காசும் ஏறக்குறைய அதேதான், எரிபொருள் மட்டும் கொஞ்சம் கூடும்.

சீட்டையும் மெல்லிசாக்கிட்டாங்க. முதுகுல பஞ்சைக் குறைச்சு, முட்டி கிட்ட இருந்த புத்தகப் பையைத் தூக்கி ட்ரேக்கு மேல வச்சுட்டாங்க. அதனால பிட்ச் குறைஞ்சாலும் கால் வைக்கற இடம் குறையலைன்னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. முட்டி வரைக்கும் அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ரெண்டு மணி நேரம் தாண்டினா இடுப்பு வேற கதை சொல்லும்.

ஒரே விமானத்தை ரெண்டு கம்பெனி எப்படி வச்சிருக்குன்னு பார்த்தா இன்னும் நல்லா புரியும். ஏர்பஸ் ஏ320 நியோவுல இண்டிகோ 186 சீட் வரைக்கும் போட்டிருக்கு. முன்னாடி 180-தான் உச்சம், அப்புறம் ஏர்பஸ்ஸே பின்பக்க டாய்லெட்டையும் சாப்பாடு சூடு பண்ற இடத்தையும் கடைசிச் சுவரோட ஒண்ணா நெருக்கி இன்னொரு வரிசைக்கு இடம் பண்ணிக் கொடுத்துச்சு. அதே ஏ320 நியோவுல ஏர் இந்தியா மூணு கிளாஸ் வைக்கறப்ப 8 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவுல இருக்கற கிளாஸ்), 132 எகானமி, மொத்தம் 164. அந்த 22 சீட்டை விட்டுக்கொடுத்ததுக்கு முன்னாடி உட்கார்ற 32 பேர்கிட்ட இருந்து காசு வந்தாகணும். இதுல இன்னொரு கணக்கும் இருக்கு, 50 சீட்டுக்கு ஒரு கேபின் க்ரூ வேணும்கறது விதி, அதனால 164-க்கும் நாலு பேர் 186-க்கும் நாலு பேர்தான். அமெரிக்காவுல ஜெட்புளூ ஒரு சமயம் 156-ல இருந்து 150-க்கு இறங்கினப்ப ஒரு வரிசை போனாலும் ஒரு க்ரூ சம்பளம் மிச்சமாச்சு, மிச்ச பேருக்குக் காலும் நீட்ட முடிஞ்சுது. கணக்கு நம்ம பக்கம் சாயறது எப்பவாவது இப்படி நடக்கும்.

அகலம் தனிக்கதை. ஏ320-ல சீட் அகலம் சுமார் 18 இஞ்ச், போயிங் 737-ல 17, உடம்பே ஒல்லியான விமானம் அது. பெரிய விமானத்துலதான் மோசம் பண்ணிட்டாங்க. போயிங் 777-ல ஆரம்பத்துல வரிசைக்கு ஒன்பது சீட் இருந்துச்சு, இன்னிக்கு பெரும்பாலான கம்பெனியில பத்து. 787-ஐ எட்டு சீட்டுன்னு காட்டித்தான் அறிமுகம் பண்ணாங்க, கிட்டத்தட்ட எல்லாருமே ஒன்பது போட்டுட்டாங்க. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் வெளிநாட்டு ரூட்ல இன்னும் 2-4-2-ன்னு எட்டோட நிக்குது, அதுக்காகவே அவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால டிக்கெட் போடும்போது கம்பெனி பேரோட விட்டுடாதீங்க, எந்த விமானம், வரிசைக்கு எத்தனை சீட், எத்தனை இஞ்ச்னு பார்த்துட்டுப் போடுங்க.

கேள்வி: கூடுதலா காசு கட்டி விண்டோ சீட் வாங்கினேன், போய் உட்கார்ந்தா பக்கத்துல வெறும் சுவர். இது ஏமாத்து வேலை இல்லையா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: ஏமாத்துதாங்க, எனக்கு இதுல ரெண்டு கருத்து கிடையாது. விமானத்தோட எலும்புக்கூட்டுச் சட்டங்களுக்கு நடுவுலதான் ஜன்னல் வைக்க முடியும், ஏ320-ல அந்த இடைவெளி 21 இஞ்ச், 737-ல 20. சீட் போடறது 29, 30 இஞ்ச் இடைவெளியில, அப்ப ரெண்டும் ஒத்துப்போக வழியே இல்லை, ஒருத்தருக்கு ஒன்றரை ஜன்னல் கிடைக்கும், அடுத்தவர் பின்னாடி திரும்பிப் பார்க்கணும். அது போக 737-ல இறக்கைக்குக் கொஞ்சம் முன்னாடி ஏசி குழாய் சுவருக்குள்ள மேல ஏறும், அந்த வரிசையில ஜன்னலே இருக்காது. இதெல்லாம் விமானம் வாங்கும்போதே கம்பெனிக்குத் தெரியும், சீட் மேப்ல 'ஜன்னல் இல்லை'ன்னு ஒரு வரி போட என்ன கஷ்டம்? 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல டெல்டா, யுனைடெட் ரெண்டு பேர் மேலயும் இதுக்காகவே வழக்கு போட்டிருக்காங்க. உங்க போர்டிங் பாஸையும் அந்த சுவரை எடுத்த போட்டோவையும் வச்சு சீட் காசைத் திருப்பிக் கேளுங்க, சும்மா விடாதீங்க.

கேள்வி: பிசினஸ் கிளாஸ்ல பாதி சீட் காலி, பின்னாடி நாங்க புளிமூட்டை மாதிரி அடைஞ்சு கிடக்கோம். கடைசி நேரத்துல பாதி விலைக்குக் கொடுத்தா அவங்களுக்கும் லாபம்தானே? – வாசகர், திருச்சி

பதில்: அந்த ஒரு நாளைக்கு மட்டும் பார்த்தா லாபம்தான். ஆனா கடைசி நேரத்துல பாதி விலைக்குக் கிடைக்கும்னு தெரிஞ்சா முழுவிலை கொடுக்கறவங்க அடுத்த தடவை ஏன் முன்கூட்டியே வாங்கப் போறாங்க? அந்த பயத்துலதான் காலியாவே பறந்தாலும் பறக்கட்டும்னு விடறாங்க. கொரோனாவுக்கு முந்தின வருஷங்கள்ல சர்வதேச விமானங்கள்ல முன் கேபின்ல போறவங்க மொத்தத்துல சுமார் 5 சதவீதம்தான், வருமானத்துல அவங்க பங்கு சுமார் 30 சதவீதம்னு ஐயாட்டாங்கற உலக விமானக் கம்பெனிகளோட சங்கம் கணக்கு சொல்லுச்சு. அந்த அஞ்சு சதவீதம் பேர் நழுவிடக் கூடாதுன்னுதான் மொத்த ஏற்பாடும். இப்ப சில கம்பெனி ஏலம் மாதிரி வச்சு, இவ்வளவு தர்றேன்னு நீங்க மெயில்ல சொல்லலாம்னு விடறாங்க, அதுலயும் ஒரு அடிமட்ட விலை வச்சிருப்பாங்க.

இது விமானத்தோட பிறந்த புத்தி இல்லை. பிரான்ஸ்ல ஜூல் டுப்யுயின்னு ஒரு எஞ்சினியர் 1849-லயே ரயிலைப் பத்தி இதை எழுதி வச்சிருக்கார். மூணாம் வகுப்புப் பெட்டிக்கு மேல கூரை போடாம விடறாங்களே, கூரைக்கு ஆகற காசை மிச்சம் பிடிக்கவா? இல்லவே இல்லை, ரெண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூணாம் வகுப்புல ஏறிடக் கூடாதுன்னுதான், ஏழையை வதைக்கணும்னு நினைச்சு அடிக்கல, பணக்காரனை பயமுறுத்தத்தான் ஏழை மேல அடி விழுதுன்னு சொல்றார். இன்னிக்கு எகானமியில நடக்கறதும் இதேதான்னு நான் நினைக்கிறேன். பின்னாடி சீட் ரொம்ப வசதியா இருந்தா யாரு எக்ஸ்ட்ரா லெக்ரூமுக்குக் காசு கட்டுவாங்க? 2018-ல இருந்து 2023 வரைக்கும் அஞ்சு அமெரிக்க ஏர்லைன்ஸ் சீட் கட்டணம்னு மட்டும் 1,240 கோடி டாலர் வாங்கியிருக்குன்னு அந்த நாட்டு செனட் குழு 2024 நவம்பர்ல கணக்குக் காட்டுச்சு. சவுத்வெஸ்ட்ல அரை நூற்றாண்டுக்கு மேல ஏறினவங்க இஷ்டப்பட்ட இடத்துல உட்காரலாம்னு இருந்துச்சு, அதையும் 2026 ஜனவரியில மூட்டை கட்டிட்டு சீட் நம்பர் போட்டு, கால் நீட்டற வரிசைக்குத் தனிக்காசுன்னு ஆக்கிட்டாங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் போற விமானத்துல எகானமியே கிடையாதாமே, உண்மையா? – வாசகர், காரைக்குடி

பதில்: உண்மைதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட ஏ350-900 யுஎல்ஆர் (ரொம்ப நீண்ட தூரத்துக்குன்னே பண்ணின ரகம்), மொத்தமே 161 சீட், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. அதே கம்பெனி அதே ஏ350-900-ஐ மத்த நீண்ட ரூட்ல 253 சீட்டோட, பக்கத்து நாடுகளுக்கு 303 சீட்டோட ஓட்டுது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல நிக்காம பறக்கணும்னா எரிபொருளே ஒரு மலை அளவு ஏத்தணும், ஆள் கூடினா எடை தாங்காது. அப்ப ஏத்தற ஒவ்வொரு ஆளும் நிறைய காசு கொடுத்தாதான் கட்டுப்படியாகும், எகானமி விலைக்கு அந்தக் கணக்கு நிக்காது. இடத்தை இப்படி தாராளமா எடுத்துக்கறதுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரே விமானத்துல எகானமி பயணியை விட பிசினஸ் கிளாஸ் பயணியோட கார்பன் பங்கு சுமார் மூணு மடங்கு, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஒன்பது மடங்கு வரைக்கும் போகும்னு உலக வங்கி ஆய்வு ஒண்ணு 2013-ல சொல்லியிருக்கு.

கேள்வி: பிரீமியம் எகானமி காசுக்கு மதிப்பா? – வாசகி, மதுரை

பதில்: ரூட்டைப் பொறுத்தது. எமிரேட்ஸ் ஏ380-ஐ எடுத்துக்கங்க, பிரீமியம் எகானமியில வரிசைக்கு எட்டு சீட், 40 இஞ்ச் பிட்ச், சாதா எகானமியில வரிசைக்குப் பத்து, பிட்ச் 32 கிட்ட. கணக்குப் போட்டா உங்களுக்குக் கிடைக்கற இடம் சுமார் ஒன்றரை மடங்கு. டிக்கெட் விலையும் அந்த ஒன்றரை மடங்குக்குக் கிட்ட இருந்தா தாராளமா வாங்குங்க, ரெண்டு மடங்கைத் தாண்டினா அந்தக் காசுக்கு நடுவுல ஒரு ராத்திரி நல்ல ஓட்டல்ல தூங்கி எழுந்து போகலாம். உள்ளூர் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு நான் சத்தியமா வாங்க மாட்டேன். வரியையும் மறந்துடாதீங்க, எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டின எந்த கிளாஸா இருந்தாலும் 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 சதவீதம், பிரீமியம் எகானமியும் அந்த 18-லதான் வரும்.

கேள்வி: முன் சீட்காரர் ஏறினதும் சீட்டைச் சாய்ச்சுட்டார், கேட்டா 'இது என் உரிமை'ங்கறார். யார் பக்கம் நியாயம்? – வாசகர், வேலூர்

பதில்: பட்டன் இருக்கு, அதனால சாய்க்கலாம். சாப்பாடு வர்ற நேரத்துல நிமிர்த்தணும், பின்னாடி ஒரு பார்வை பார்த்துட்டு மெதுவா சாய்க்கணும். 2014-ல அமெரிக்காவுல நெவார்க்ல இருந்து டென்வர் போன யுனைடெட் விமானத்துல ஒருத்தர் முன் சீட் சாயாம இருக்க பிளாஸ்டிக் பூட்டு ஒண்ணை மாட்டி, அதுல சண்டை முத்தி, விமானத்தையே சிகாகோவுல இறக்கிட்டாங்க. ரெண்டு பேருமே காசு கொடுத்து வந்தவங்கதானே, அந்த நாலு இஞ்சை ரெண்டு பேருக்கும் வித்தது கம்பெனி, சண்டை மட்டும் நமக்கு.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. பேத்தியைப் பார்க்க துபாய் வழியா அமெரிக்கா போறாங்க. கால் வீங்கும், ரத்தம் கட்டும்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. எந்த சீட் போடறது? – வாசகி, கோவை

பதில்: ஐல் சீட், அதாவது நடைபாதை ஓர சீட் போடுங்கம்மா, யோசிக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2007-ல வெளியிட்ட ஆய்வுல, நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் பண்ணா காலுல ரத்தம் உறையற ஆபத்து சுமார் ரெண்டு மடங்காகுதுன்னு சொல்லியிருக்காங்க. அதே ஆய்வுல ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு 6,000 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி நடக்குதுன்னும் இருக்கு, அதனால அம்மாவை ரொம்ப பயமுறுத்தாதீங்க. ஜன்னல் ஓரத்துல உட்கார்றவங்க பக்கத்துல தூங்கறவரை எழுப்பக் கூச்சப்பட்டு மணிக்கணக்கா எழுந்திருக்கவே மாட்டாங்க, நம்ம அம்மாக்கள் இதுல ரொம்ப மோசம், டாய்லெட் போகணுமேன்னு தண்ணியே குடிக்காம வருவாங்க. ஐல்ல இருந்தா தானா எழுந்து ரெண்டு நடை நடப்பாங்க. உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி விரலைத் தூக்கி, விரலை ஊன்றி குதிகாலைத் தூக்கின்னு அடிக்கடி பண்ணச் சொல்லுங்க, கெண்டைக்கால் தசை அசைஞ்சாதான் ரத்தம் மேல ஏறும். தூக்க மாத்திரை வேண்டாம். முன்னாடி ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, சமீபத்துல ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, புற்றுநோய் சிகிச்சை நடந்தாலோ கண்டிப்பா டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க, இறுக்கமான காலுறை போடணுமான்னும் அவரே சொல்லட்டும், நீங்களா ஆஸ்பிரின் எதுவும் கொடுத்துடாதீங்க.

எக்ஸிட் வரிசையில கால் நீட்ட நிறைய இடம் இருக்கேன்னு அதை புக் பண்ணிடாதீங்க, அவசரத்துல கதவைத் திறந்து மத்தவங்களுக்கு உதவக் கூடியவங்களுக்குத்தான் அந்த இடம், அம்மாவை அங்க இருந்து எழுப்பி வேற எங்கயாவது உட்கார வச்சுடுவாங்க. முன்னாடி சுவரைப் பார்த்த முதல் வரிசையிலயும் யோசிச்சுப் போடுங்க, தொட்டில் மாட்டற இடம் அது, கைப்பையைக் காலடியில வைக்க முடியாது, ட்ரே கைப்பிடிக்குள்ள இருக்கறதால கைப்பிடியைத் தூக்க முடியாது. வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டு வச்சுடுங்க, துபாய்ல ஒரு கேட்ல இருந்து இன்னொரு கேட்டுக்கு நடக்கற தூரம் சாமானியம் இல்லை.

கேள்வி: 11ஏ சீட்தான் பாதுகாப்புன்னு வாட்ஸ்அப்ல வருதே? – வாசகர், விழுப்புரம்

பதில்: 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துல உயிர் பிழைச்ச ஒரே பயணி 11ஏ-ல இருந்தார், அதை வச்சுத்தான் இது சுத்துது. விமானத்துக்கு விமானம் 11ஏ வேற இடத்துல இருக்கும், ஒரு விபத்து மாதிரி இன்னொண்ணு இருக்காது, இதுக்காகத் தனிக்காசு கட்டாதீங்க. உட்கார்ந்ததும் கிட்ட இருக்கற கதவுக்கு எத்தனை வரிசைன்னு முன்னாடியும் பின்னாடியும் எண்ணி வச்சுக்கங்க, புகையில கண்ணு தெரியாது, கையால தடவி எண்ணித்தான் போகணும்.

கேள்வி: சீட் இதுக்கு மேல சுருங்கக் கூடாதுன்னு அரசாங்கம் சட்டம் போடக் கூடாதா? விலை குறைவா இருக்கறதைத் தேடற நம்ம மேலயும் தப்பு இருக்கோ? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: விலை தேடறதுல தப்பே இல்லை ஐயா. ஆனா நீங்க சொல்ற விஷயம் நடந்திருக்கு. 2000-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன்னோட விமானங்கள்ல இருந்து ஆயிரக்கணக்கான எகானமி சீட்டைக் கழட்டி எல்லாருக்கும் கால் நீட்ட இடம் கொடுத்துச்சு, விளம்பரமும் பெருசா பண்ணாங்க. மக்கள் பாராட்டினாங்க, டிக்கெட் மட்டும் பத்து டாலர் கம்மியா கிடைக்கற இடத்துல வாங்கினாங்க. சில வருஷத்துல கழட்டின சீட்டை மறுபடி மாட்டிட்டாங்க. டிக்கெட் தேடற இடத்துல விலை பெரிய எழுத்துல இருக்கு, இஞ்ச் எங்கயுமே இல்லை, கண்ணுக்குத் தெரியாததுக்கு யாரு காசு கொடுப்பாங்க? விலைக்குப் பக்கத்துலயே பிட்சையும் அகலத்தையும் போடணும்னு விதி வந்தா அதுவே பாதி வேலையை முடிச்சுடும்.

மீதிப் பாதிக்கு சட்டம்தான் வேணும், ஏன்னா ஒரு அளவுக்குக் கீழ இது வசதிப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. பாதிக் கதவை மட்டும் வச்சு 90 நொடியில எல்லாரும் வெளிய வந்தாகணும்கறது விமானச் சான்றிதழுக்கான விதி. 2006-ல ஹாம்பர்க்ல ஏ380-ல இருந்து 873 பேர் 78 நொடியில வெளிய வந்து காட்டினாங்க. அமெரிக்கக் காங்கிரஸ் 2018-ல சட்டம் போட்டு, சீட்டுக்குக் குறைஞ்சபட்ச அளவு வைங்கன்னு அந்த நாட்டு விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ-கிட்ட சொல்லுச்சு. அவங்க ஓக்லஹோமா சிட்டியில 775 பேரை வச்சு சோதனை பண்ணாங்க, அந்த 775 பேரும் 60 வயசுக்குக் கீழ, உடம்பு நல்லா இருக்கறவங்க! குழந்தை இல்லை, கோவை வாசகியோட அம்மா மாதிரி யாரும் இல்லை, ஊன்றுகோல் பிடிச்சவங்க இல்லை. அதை வச்சு 28 இஞ்ச் போதும்னு சொன்னா எப்படி ஏத்துக்க முடியும்? 2022-ல மக்கள்கிட்ட கருத்து கேட்டாங்க, 26,000-க்கு மேல வந்துச்சு. அதுக்கு அப்புறமும், கட்டாய அளவு வைக்கச் சொல்லுங்கன்னு பயணிகள் அமைப்பு கேட்டதை 2023-ல கோர்ட் தள்ளிடுச்சு. நம்ம ஊர்ல விமானத்துல ஏறவே ஏறாதவங்க இப்பத்தான் குடும்பத்தோட முதல் தடவையா ஏற ஆரம்பிச்சிருக்காங்க, வயசானவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்கன்னு. அவங்களையும் உட்கார வச்சு சோதனை பண்ணி அளவு சொல்லுங்கன்னு நம்ம நாட்டு விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ-வை நாம கேட்கணும், எம்.பி.க்கு எழுதுங்க, நானும் எழுதறேன்.

கேள்வி: சீட்டுக்குக் காசு கட்டலைன்னா குழந்தையை வேற வரிசையில போட்டுடுவாங்களா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: போடக் கூடாது. 12 வயசு வரைக்கும் இருக்கற குழந்தைக்கு, அதே பிஎன்ஆர்ல (புக்கிங் நம்பர்ல) வர்ற அப்பா அம்மாவுல ஒருத்தர் பக்கத்துலயாவது சீட் கொடுக்கணும்னு டிஜிசிஏ 2024 ஏப்ரல்ல உத்தரவு போட்டிருக்கு. அதனால எல்லாரையும் ஒரே பிஎன்ஆர்ல புக் பண்ணுங்க, வெப் செக்-இன்ல பிரிச்சுப் போட்டிருந்தா கவுன்டர்ல போய் அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்க, அதுக்காகத் தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க.